46,500 ரூபாய் போன கதை: அசெம்பிள் கடையில் சிஸ்டம் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் கடைக்காரர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தார். அதற்கப்புறம் எடுக்கவில்லை. போனது 46,500 ரூபாய். கடைப் பெயரைப் போடவில்லை; போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மச்சான் பயமுறுத்துகிறார். கோவையில் மாடிப்படி ஏறிப் போகிற மாதிரி, கண்ணாடிக்குப் பின்னால் கலர் லைட் எரியும் கேபினெட்டுகளை அடுக்கி வைத்திருக்கிற, பார்ட்ஸைச் சேர்த்து கம்ப்யூட்டர் கட்டித் தருகிற ஒரு அசெம்பிள் கடை, அவ்வளவுதான். பார்ட்ஸ் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் எங்களுக்கு சிஸ்டம் மாற்ற, ஹார்டு டிஸ்க் சுத்தம் செய்ய அந்த ஒரு மாதம்தான் நேரம். பழைய சிஸ்டத்தில் இருப்பது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர். போன வருடம் வாங்கிய கேமரா 10 பிட் 4:2:2, எச்.265 ஃபைலாகக் கொடுக்கிறது, அதாவது கலர் விவரம் நிறைய வைத்து இறுக்கிச் சுருக்கிய வீடியோ. அதைப் பழைய சிஸ்டத்தின் டைம்லைனில் போட்டால் மாப்பிள்ளை தாலி கட்டுவதற்குள் பொண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும்.

இந்த ஃபைலில் ஒரு விஷயம் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பெரும்பாலானவை 4:2:2 எச்.265-ஐ ஹார்டுவேரில் பிரிக்காது, அதாவது சுருக்கிய வீடியோவைத் தானே விரித்து ஓட்டாது. கார்டு கம்பெனியான என்விடியாவிலேயே 2025-ல் வந்த 50 சீரிஸில்தான் அது வந்தது. ஆனால் இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து, பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் அதைச் சுலபமாகப் பிரித்துவிடும். ஐ5 12400-இல் அது இருக்கிறது. 12400எஃப்-இல் இல்லை. பேரின் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த எஃப் என்ற ஒற்றை எழுத்துக்கு அர்த்தமே 'உள்ளே கிராபிக்ஸ் கிடையாது' என்பதுதான். எஃப் போட்டது கொஞ்சம் விலை குறைவு. கேம் ஆடுகிறவர்கள் தனியாக கார்டு போடுவதால் அவர்களுக்கு அது லாபம், என்னைப் போன்றவனுக்கு அது கழுத்துக்குக் கத்தி.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் ஏமாந்தேன். அதுதான் வயிறு எரிகிறது.

வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதி அனுப்பினேன்: ஐ5 12400, எஃப் வேண்டாம், 16 ஜிபி ரேம், எட்டு எட்டாக ரெண்டு, எஃபெக்ட், கலர் வேலைக்கு ஆர்எக்ஸ் 580 எட்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டு, நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை). பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மறுநாள் பஸ் ஏறிப் போனேன்.

அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் ராத்திரியெல்லாம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். உள்ளே நுழைந்ததும் "வாங்கண்ணா, எந்த ஊருங்க?" என்றார். கோபி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்க அப்புச்சி ஊரு கவுந்தப்பாடிங்ணா! லீவு உட்டா அங்கதான் கெடப்போம்." அப்புறம் ஒரே ஊர்ப் பேச்சு. சர்க்கரைச் சந்தை, பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு மூட்டை போவது, கரும்பாலையில் சூட்டோடு பாகு வாங்கித் தின்றது. பையனை அனுப்பி டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வரச் சொன்னார். நான் பில் கேட்டபோது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது: "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் சேருமுங்ணா. உங்ககிட்டப் போய் அதை வாங்குவனுங்களா? எஸ்டிமேட் போட்டுத் தாரேன். வாரண்டிக்கு நான் இருக்கேன்ல!"

அந்த 'நான் இருக்கேன்ல'வை நம்பி 30,000 ஜிபேயிலும் 16,500 ரொக்கமாகவும் கொடுத்தேன். மொத்தம் 46,500. கையில் தந்த தாளில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஐ5 12த் ஜென், போர்டு, 16 ஜிபி, 8 ஜிபி கிராபிக்ஸ், 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், 500 எஸ்எஸ்டி. ஒரு மாடல் நம்பர் இல்லை, ஒரு சீரியல் நம்பர் இல்லை. படித்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். படித்தும் உறைக்கவில்லை பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு அட்டைப்பெட்டி எங்கே என்று மட்டும் கேட்டேன். "இப்ப எல்லாம் பல்க்காத்தான் வருதுங்ணா" என்றார். சரி என்றேன்.

வீட்டில் போட்டதும் விண்டோஸ் வேகமாகத்தான் வந்தது. பத்து வருடப் பழைய சிஸ்டத்திலிருந்து மாறுகிறவனுக்கு எதைக் கொடுத்தாலும் வேகமாகத்தான் தெரியும். ஆனால் புது கேமரா ஃபைல் எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியரில் அதே மாதிரி விக்கி விக்கி ஓடியது. டிரைவர் பிரச்சினை என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

தை பிறந்தது. ஒரே வாரத்தில் மூன்று கல்யாணம். எடிட் செய்ததை முழு வீடியோவாக எடுக்கும் முதல் எக்ஸ்போர்ட்டில், எங்கள் கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீர் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது சிஸ்டம் பட்டென்று அணைந்து தானாகவே மறுபடி ஆன் ஆனது. இரண்டாவது தடவையும் அப்படியே. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒரு வரி. அது காரணத்தைச் சொல்லாது, 'ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது' என்பதை மட்டும் பதிந்து வைக்கும். சூடு என்று நினைத்து கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். அப்படியும் அணைந்தது.

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள்: "விண்டோஸ் அப்டேட்டுங்ணா, ரெண்டு நாள்ல சரியாயிரும்." மூன்றாம் நாள்: "உங்கூர்ல வோல்டேஜ் சரியிருக்காதுங்க, ஸ்டெபிலைசர் போடுங்க." என் பழைய சிஸ்டம் அதே பிளக்கில்தான் பத்து வருடம் ஓடியது என்றேன். "அது பழசுங்ணா, தாங்கும்" என்றார்! அப்புறம் நாலு நாள் கடைப் பையன்தான் எடுத்தான். "ஓனர் பழநிக்கு நடந்து போயிருக்காருங்க, பூசம் முடிஞ்சு வந்துருவாருங்க." முருகன் பேரைச் சொன்னதும் அதற்கு மேல் என்னால் கத்தவும் முடியவில்லை.

அதற்குள் அக்கா பையன் லீவில் வந்தான், கோவையில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். "மாமா, கார்டைக் கழட்டிட்டு போர்டுலயே மானிட்டரை மாட்டிப் பாப்பம். ஓடுச்சுன்னா கோளாறு கார்டு, இல்லீன்னா வேற" என்றான். சரியான யோசனைதான். கார்டை எடுத்துவிட்டு ஹெச்டிஎம்ஐ ஒயரைப் போர்டில் செருகினோம். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கருப்பு. கடைக்குப் போட்டால் பையன் யோசிக்கவே இல்லை, "போர்டு போயிருச்சுங்க" என்றான்.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். "மாமா, இது என்ன பிராசசர்?" கார்டைத் திரும்ப மாட்டி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தான். வலது மூலையில் கொட்டை எழுத்தில் ஐ5-12400எஃப். முதல் நாளிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. போர்டில் ஒரு கோளாறும் இல்லை. எஃப் பிராசசருக்கு போர்டு வழியாகப் படம் வரவே வராது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் தோண்டினோம். கிராபிக்ஸ் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைப் போட்டதில் ஷேடர், அதாவது கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்ன யூனிட், 2048 என்று காட்டியது. 2017-ல் ஏஎம்டி விட்ட அசல் ஆர்எக்ஸ் 580-இல் 2304 இருக்க வேண்டும். மறு வருடம் சீனச் சந்தைக்கென்று 2048எஸ்பி என்று ஒன்றை விட்டார்கள். பெயர்தான் 580, உள்ளே இருப்பது 570-இன் அளவு. அதுவாவது புதிதா? ஃபேனைக் கழற்றினால் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டெல்லாம் பிசுபிசு. ஸ்க்ரூ தலைகள் ஏற்கனவே தேய்ந்திருந்தன, பின்னால் பிராக்கெட்டில் துரு. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டை ஓட்டிக் காசு எடுக்கும் 'மைனிங்' முறையை விட்டபோது, ராப்பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் உலகம் பூராவும் விற்பனைக்கு வந்தன. என்னுடையதும் அந்தக் கூட்டமாகத்தான் இருக்கும் என்கிறான் மாப்பிள்ளை. புது விலை போட்டு என் தலையில் கட்டியாயிற்று.

சிஸ்டம் அணைந்ததற்குக் காரணம் எஸ்எம்பிஎஸ். மேலே பெரிதாக 500 வாட்ஸ். பக்கத்து ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 12 வோல்ட் வரிசைக்கு 17 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 204 வாட்ஸ். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட முழுவதும் இந்த 12 வோல்ட்டில்தான் போகிறது. 12400எஃப் முழு வேகத்தில் 117 வாட்ஸ் வரை இழுக்கும், இந்தக் குட்டிக் கார்டே 150 வாட்ஸ் பக்கம். எக்ஸ்போர்ட்டில் இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது மூச்சு முட்டிப் படுத்துவிடுகிறது. மற்ற நேரத்தில் பிரவுசர், டைப்பிங் எல்லாம் ஜம்மென்று ஓடும். அதனால்தான் கடையில் போட்டுக் காட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. ரேம்கூட எட்டு எட்டாக இல்லை, 16-இல் ஒற்றைக் குச்சிதான். அதையெல்லாம் இப்போது சொல்லி என்ன.

முந்தாநாள் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு நேரில் போனேன். பூசம் முடிந்து மொட்டையோடு உட்கார்ந்திருந்தார். இந்த முறை டீ இல்லை, 'எந்த ஊருங்க'வும் இல்லை. வாட்ஸ்அப்பைக் காட்டினேன். "கட்டைவிரல் போட்டா பாத்துட்டேன்னு அர்த்தமுங்க, ஒத்துக்கிட்டேன்னு இல்லீங்க" என்றார். எஸ்டிமேட்டைக் காட்டினேன். "12த் ஜென்னுன்னு எழுதியிருக்கேன், 12த் ஜென்தான குடுத்துருக்கேன்?" என்றார். கார்டு பழையது என்றேன். "நீங்க கழட்டீட்டீங்க, வாரண்டி போச்சு." கடைசியில் பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னார்: இன்னும் 12,000 கொடுத்தால் பிராசசரை மாற்றித் தருவாராம்! 46,500 வாங்கிய வாயால் இன்னும் 12,000 கேட்கிறார். நேற்று ராத்திரி கடைசியாகப் பேசியபோது "என்ன வேணா பண்ணிக்கங்க, பில்லு இருக்குதுங்களா உங்ககிட்ட?" என்றார், போனை வைத்தார்.

காலையில் 1915-க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப்பும் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 16,500-க்குத் துண்டுச் சீட்டுகூட இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன், நேரமும் இல்லை, மனசும் இல்லை. சீக்கிரமாக நாலு வார்த்தை. ஒவ்வொரு பார்ட்டும் முழு மாடல் பெயர், சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில்லில் வர வேண்டும், 18 பர்சென்ட்டை மிச்சம் பிடிக்காதீர்கள். பிராசசர் சீல் உடையாத பெட்டியில் வேண்டும். இன்டெல் பெட்டிச் சரக்குக்குத்தான் கம்பெனியின் மூன்று வருட வாரண்டி. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட் ஆம்பியரைப் பெருக்கிப் பாருங்கள். காசு கொடுக்கும் முன்னே கடையிலேயே டாஸ்க் மேனேஜரும் ஜிபியு-இசட்டும் திறக்கச் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோய் அங்கேயே கால் மணி நேரம் எக்ஸ்போர்ட் போடுங்கள். பாக்கியைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது பழைய ஐ5-இல்தான் இணைச்சீர் ஓடிக்கொண்டிருக்கிறது, 11 சதவீதம். பொண்ணோட அப்பா மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறார். எடுக்க வேண்டும்.