மூடியை முதலில் பாருங்கள்: தெர்மல் குக்கரை நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

கொதித்த உணவை வெப்பம் எளிதில் வெளியேறாத கலத்துக்குள் வைத்து, அடுப்பை அணைத்த பிறகும் வேகவைக்கும் தெர்மல் குக்கரின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். என் வீட்டில் அது சில ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதன் மூடியைப் பழுதுபார்த்து வாங்கி வந்ததும் அண்மையில்தான். ஆகவே அவருக்குத் தரும் பதில் எரிபொருள் மிச்சத்தைவிட மூடியைப் பற்றியதாகவே நீளப்போகிறது. கொள்ளளவு, உட்பாத்திரங்களின் எண்ணிக்கை, எஃகின் தரம் ஆகியவை பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாத்திரம் எரிபொருளை உண்மையாகவே மிச்சப்படுத்துகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 314 கிலோஜூல் வெப்பம் போதும். கொதிநிலைக்கு வந்த அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் தேவை. அதாவது ஏழு மடங்குக்கும் மேல். பயறோ தானியமோ தளதளவென்று நெடுநேரம் கொதிக்கும்போது நாம் எரிப்பதில் பெரும்பகுதி, ஆவியாக வெளியேறும் வெப்பத்தையும் பாத்திரத்தின் சுவர் வழியே கசியும் வெப்பத்தையும் ஈடுகட்டவே செலவாகிறது. உணவு வேகத் தேவையானது சூடு மட்டுமே, கொதிப்பு அன்று. மாவுச்சத்து பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி வெந்துவிடும். இறைச்சியின் இணைப்புத் திசுவும் 70 டிகிரிக்கு மேல் மெல்ல இளகத் தொடங்கும். எனவே ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடிய நிலையில் பத்து நிமிடம் சிறு தீயில் வைத்து, உட்பாத்திரத்தை வெளிக்கலத்துக்குள் இறக்கி அடுப்பை அணைத்துவிட்டால், மீதி வேலையை உள்ளே தங்கிய சூடே முடித்துவிடுகிறது. பிரஷர் குக்கர் ஏறத்தாழ 120 டிகிரி வரை சென்று சமையல் நேரத்தைச் சுருக்குகிறது. இது நேரத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டு நெருப்பைச் சுருக்குகிறது. அடிப்பிடிப்பதும் பொங்கி வழிவதும் அடுப்பருகே காவல் நிற்பதும் இல்லை என்பது நான் எதிர்பாராத பெரிய நிம்மதி.

இத்தனை நன்மையையும் கெடுப்பது அந்த மூடி.

வெளிக்கலத்தின் சுவர் இரட்டை எஃகுத் தகடு. இரண்டுக்கும் இடையே காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடம். விஞ்ஞானி ஜேம்ஸ் டியூவர் 1892இல் உருவாக்கிய வெற்றிடக் குடுவையின் (பிளாஸ்க்) அதே தத்துவம். ஆனால் என்னிடம் உள்ளதன் மூடி, உள்ளே நுரை அடைத்த வெறும் பிளாஸ்டிக். ஆவி மேலெழுந்து மோதுவது மூடியின் அடியில்தான். அங்கேதான் வெப்பக் காப்பு மிகவும் பலவீனமாக இருக்கிறது. சமைத்து இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால், சுவர் அறைச் சூட்டிலேயே இருக்க, மூடி மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். கையில் உணரும் அந்த வெதுவெதுப்பு நாம் மிச்சப்படுத்த நினைத்த வெப்பமேதான். தடித்த துண்டு ஒன்றை நான்காக மடித்து மேலே போட்டு வைக்கிறேன். இரவில் வைத்தது காலையிலும் சூடாக இருப்பதில் அது கண்கூடான வேறுபாட்டைத் தருகிறது. விலை கொடுத்து வாங்கிய பாத்திரத்துக்கு நாமே துண்டு போர்த்த வேண்டியிருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

குளிர்ந்து தண்ணீரான ஆவி, மூடியைத் திறந்தவுடன் கீல் இருக்கும் பள்ளத்தில் ஓடித் தேங்கி, அங்கிருந்து உட்பாத்திரத்துக்கும் வெளிக்கலத்துக்கும் இடையே வடிகிறது. ஒவ்வொரு முறையும் துடைத்து, மூடியைத் திறந்தே வைத்துக் காயவிடாவிட்டால் மறுநாள் புளித்த வாடை வருகிறது. இதையும் பொறுத்துக்கொள்ளலாம். கொண்டியைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் நாக்கு ஒன்றுதான் மூடியை அழுத்திப் பிடிக்கிறது. நாள்தோறும் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்து நொய்ந்துபோய் அது ஒடிந்துவிட்டது. மூடி தனியாக விற்பனைக்கு இல்லை, புதிய குக்கரே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்தில். சிக்கனத்துக்காகவே ஒருவர் வாங்கும் பொருளில், எஃகுக் கலம் துளியும் கெடாமல் இருக்க, ஒரு சிறு கொண்டிக்காக முழுவதையும் தூக்கி எறியச் சொல்வது, அவர் எரிபொருளில் மிச்சம் பிடித்ததையெல்லாம் திரும்பப் பறித்துக்கொள்வதாகும். பழுதுபார்ப்பவர் ஒருவர் எஃகுத் தகட்டில் கொண்டி வெட்டிப் பொருத்தித் தந்தார். பழையதைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது. தொடக்கத்திலேயே ஏன் இப்படிச் செய்யவில்லை என்ற கேள்விக்கு எனக்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் தெரியவில்லை.

கையேட்டில் தரப்பட்டுள்ள நேரக் கணக்கிலும் குறை உண்டு. முழுமையாக நிரம்பிய பாத்திரத்துக்கே அது பொருந்தும். அதைக் கையேடு சொல்வதில்லை. வெப்பம் கசியும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, உள்ளே சேமித்த வெப்பம் பாதியானால் சூடும் ஏறக்குறைய இருமடங்கு விரைவாக இறங்கும். ஒருவர் அல்லது இருவருக்குச் சமைக்கும் வீட்டில் பெரிய அளவு வாங்குவது வீண். முக்கால் பங்காவது நிரம்பும் அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும். வெந்ததா என்று இடையில் திறந்து பார்ப்பதும் கூடாது. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய உணவில் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கும் என்பதால், நேரம் தவறினால் மீண்டும் நன்றாகக் கொதிக்கவைத்தே உண்ண வேண்டும். ராஜ்மாவை இதில் மட்டும் வேகவைப்பது ஆபத்து. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் அடுப்பிலேயே கொதிக்கவிட்ட பிறகுதான் அதை உள்ளே வைக்கலாம், ஏனெனில் அதிலுள்ள நச்சுப்புரதம் குறைந்த சூட்டில் அழிவதில்லை.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிபொருள் செலவிடுவோருக்கு மிச்சம் சற்றுக் குறையலாம். அடுப்பின் வெப்பத்தில் ஒரு பங்கு அறைக்கும் பயன்பட்டுவந்தது அல்லவா? ஆயினும் சமையலறையின் ஆவி சுவரிலும் சன்னலிலும் ஈரமாகப் படிவது நின்றுவிடும். கோடையில் இது முழு ஆதாயம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் தரும் பதில், இப்போது வாங்க வேண்டாம் என்பதே. இந்தத் தத்துவத்துக்குக் கடையில் வாங்கும் கலம் கட்டாயமில்லை. 1867ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் நார்வேயின் வெப்பக் காப்புப் பெட்டி அடுப்பு காட்சிக்கு வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் எரிபொருளை மிச்சப்படுத்த வைக்கோல் அடைத்த பெட்டிகளில் சமைத்தார்கள். அடி கனமான, மூடி இறுக்கமான பாத்திரம் வீட்டிலேயே இருக்கும். கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, நெருப்புக்கு எட்டாத இடத்தில் ஒரு பெட்டிக்குள் கம்பளியால் அடியும் பக்கமும் மேலும் இறுகச் சுற்றி வைத்தால் முதல் சில மணி நேரத்துக்கு நல்ல சூடு நிற்கும். சில வாரங்கள் அப்படிச் சமைத்துப் பார்க்கட்டும். பழகிப்போய்க் குக்கரே வேண்டும் என்று தோன்றினால், மூடியும் கொண்டியும் தனியாகக் கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி தரும் நிறுவனத்தின் குக்கரை வாங்கட்டும், அது விலை குறையாததாக இருந்தாலும்.