முகமூடி ஆட்டத்துக்குப் பலமா, பாரமா? மூன்று சௌ நடனங்கள்

பெயர் ஒன்று, திருவிழாக் காலம் ஒன்று, ஊர்களும் அக்கம்பக்கம்தான். முகமூடி விஷயத்தில் மட்டும் மூன்றும் மூன்று வழி. சௌ நடனத்தில் மேற்கு வங்கத்துப் புருலியாக்காரர்கள் கிரீடமும் இறகுமாகப் பெரிய முகமூடி மாட்டுகிறார்கள். ஜார்க்கண்டின் செராய்கேலாவில் முகமூடி முகத்தின் அளவுக்குச் சிறியது, அமைதியானது. ஒடிசாவின் மயூர்பஞ்சில் முகமூடியே கிடையாது. 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் மூன்றும் சௌ என்ற ஒரே பெயரில் இடம்பெற்றன. முகமூடி ஆடுபவருக்கு எதைக் கொடுக்கிறது, எதைப் பறிக்கிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

புருலியா முகமூடிக்கு வீடு, அயோத்தியா மலையடிவாரத்தில் பாக்முண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சரிதா கிராமம். சூத்ரதார் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். முதலில் களிமண்ணில் முகத்தை வனைந்து, அதன்மேல் சாம்பலைத் தூவுகிறார்கள். ஒட்டியது பிறகு கழன்று வர வேண்டுமே, அதற்கு. நீர்த்த பசையில் நனைத்த காகிதத்தை எட்டுப் பத்து அடுக்காக ஒட்டி, மேலே மண் பூசி, துணி போர்த்தி, தேய்த்து மழமழப்பாக்கி வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்ததும் அச்சிலிருந்து உரித்தெடுத்து, கண்ணுக்கும் மூக்குக்கும் துளை போட்டு, வண்ணம் தீட்டுகிறார்கள். ஜரிகை, மணி, இறகு எல்லாம் கடைசியில். இந்த முகமூடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இத்தனை அலங்காரத்துக்கும் காரணம் ஆடும் இடம். திறந்தவெளி, இரவு நேரம், சுற்றிலும் கூட்டம், தம்சா முரசின் அதிர்வு. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வந்தது துர்க்கையா மகிஷனா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். பாடகர் பாட்டால் பாத்திரத்தை அறிமுகம் செய்ததும் ஆடுபவர் பாய்ந்து வருகிறார். எம்பிச் சுழன்று முழங்காலில் விழுகிறார். கோபம் வந்தால் தோளைக் குலுக்குகிறார். அந்தக் குலுக்கலில் கிரீடத்து இறகும் மணியும் சேர்ந்து நடுங்குகின்றன. அசையாத முகம் ஆத்திரப்படுவது இப்படித்தான். தலையில் சில கிலோ எடை, பார்வைக்கு இரண்டு சிறு துளை, அதோடு அந்தரத்தில் ஒரு சுழற்சி! சரிதாவைச் சேர்ந்த கம்பீர் சிங் முடா இந்த ஆட்டத்துக்காக 1981-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆனால் நுணுக்கமான உணர்ச்சிக்குப் புருலியாவில் இடம் குறைவு. வீரமும் ரௌத்திரமும் நிறைந்து வரும்; காதலோ ஏக்கமோ அந்த முரசுச் சத்தத்தில் நிற்காது.

அந்தக் குறையைத் தீர்ப்பது செராய்கேலா. அங்கே முகமூடி வழவழப்பான வெளிர் நிறம், பாதி மூடிய கண், ஓரிரு கோட்டில் புருவமும் உதடும், அவ்வளவுதான். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. அதனாலேயே இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ‘நாவிக்’ என்ற ஆட்டத்தில் படகோட்டியும் அவன் மனைவியும் புயலில் மாட்டிக்கொள்கிறார்கள். படகு இல்லை, தண்ணீர் இல்லை. இரண்டு உடல்களின் சாய்வில் அலை தெரிகிறது. தலை கொஞ்சம் தாழ்ந்தால் அதே முகத்தில் பயம், நிமிர்ந்தால் நிம்மதி. வண்ணம் மாறவில்லை, வெளிச்சம் விழும் கோணம்தான் மாறுகிறது. முகமூடிக்குள் மூச்சு விடுவது கஷ்டம் என்பதால் ஒவ்வொரு உருப்படியும் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் கட்டாயமே ஆட்டத்தைச் செறிவாக்கியிருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு வீண் அடவு இருக்காது.

செராய்கேலாவின் பலவீனம் வேறு. அது அரண்மனை வளர்த்த கலை. அரச குடும்பத்தாரே ஆடினார்கள், 1938-இல் ஐரோப்பாவுக்கும் கொண்டு போனார்கள். சமஸ்தானம் போனதும் ஆதரவும் மெலிந்தது. ஊர் ஊராகக் குழுக்கள் ஆடித் திரியும் புருலியாவின் உயிர்ப்பு இங்கே இல்லை.

முகமூடி இல்லாத மயூர்பஞ்சில் முகபாவம் கொட்டும் என்று எதிர்பார்ப்போம். நேர்மாறு! மயூர்பஞ்சின் தலைமை ஊரான பாரிபதாவில் ஆடுபவர்கள் முகத்தைக் கிட்டத்தட்ட அசைக்காமல் வைத்திருக்கிறார்கள். கதை முழுவதும் கால், இடுப்பு, முதுகுத் தண்டு வழியாகவே வருகிறது. இதன் இலக்கணத்தில் ‘உஃப்லி’ என்று 36 அசைவுகள் உண்டு. சாணம் கரைப்பது, மஞ்சள் அரைப்பது, பாத்திரம் துலக்குவது என்று வீட்டு வேலைகளிலிருந்து எடுத்தவை பல. வாள் பயிற்சியில் பிறந்த ஆட்டத்துக்குள் அடுக்களை வேலை ஏறி உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மூச்சுத் தடையும் பார்வைத் தடையும் இல்லாததால் ஒற்றைக்கால் நிலைகளும் தாவல்களும் நீளமாக, கூர்மையாக அமைகின்றன. நவீன நடனக்காரர்கள் பலர் கற்க இதையே தேடிப் போவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மேடையில் வருவது சிவன்தான் என்று நம்புவதற்கு இங்கே பார்ப்பவர் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

நம் தெருக்கூத்தில் முகமூடிக்குப் பதில் அரிதாரம் இருப்பது ஏன் என்பதும் இங்கே விளங்கும். கூத்தாடுபவர் தானே பாடி, தானே வசனம் பேச வேண்டும். வாயை மூடினால் கூத்து நின்றுவிடும். மூன்று சௌவிலும் ஆடுபவர் பாடுவதில்லை. தஞ்சைப் பக்கத்து மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்மருக்கு முகமூடி இருப்பது வேறு கணக்கு. அது கோயிலில் பூஜை பெறும் முகம்; விரதம் இருந்துதான் அணிகிறார்கள். சௌ முகமூடி அடிப்படையில் கலைக்கருவி, மெலட்டூர் முகமூடி சாமியே.

ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் செராய்கேலாவையே சொல்வேன். முகமூடி மறைக்க மட்டும் இல்லை, காட்டவும்தான் என்பதற்கு அந்த வெளிர் முகத்தைவிடத் தெளிவான சாட்சி மற்ற இரண்டிலும் இல்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் புருலியா. இரவு முழுக்கத் தூக்கம் வராது. நடனம் பயில்கிறவர்களுக்கு மயூர்பஞ்ச். செராய்கேலாவிலும் பாரிபதாவிலும் சைத்ர விழா நமக்குச் சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டி வருகிறது. அதைத் தவறவிட்டாலும் புருலியாக் கிராமங்களில் வைகாசி வரை ஆட்டம் இருக்கும். பகலில் சரிதாவுக்குப் போனால் முகமூடி செய்வதையும் பார்த்துவிடலாம்.