கல்லிடைக்குறிச்சியா, டவுன் வளவா?

பழைய வீடுதான் வேண்டும் என்று ஒரு வருஷம் அலைந்ததில் கடைசியாக இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்தில். மற்றொன்று திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு வளவுக்குள், அதாவது ஒரே நடைபாதையில் பல வீடுகள் சேர்ந்திருக்கிற வளாகத்துக்குள். பாளையங்கோட்டையில் ஒரு பங்களாவும் பார்த்தோம். சொன்ன விலை முழுக்க மனைக்குத்தான், இடித்துவிட்டு ஃபிளாட் கட்டுகிறவருக்குச் சொல்கிற விலை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

மனசைப் பறித்தது டவுன் வீடு. முன்னால் தார்சா, பட்டாசாலை என்கிற கூடம், அதை ஒட்டி இருட்டாக அரங்கு என்கிற உள்ளறை, பின்னால் அடுக்களை, புறவாசலில் கிணறு. அம்மா நெல்லையப்பர் கோயிலுக்கு நடந்தே போய்வரலாம். காய்கறி, மருந்துக்கடை, பஸ் எல்லாம் கூப்பிடு தூரம். கல்லிடைக்குறிச்சி அங்கிருந்து 35 கிலோமீட்டர் சொச்சம். ரயில் உண்டு, நாம் நினைத்த நேரத்துக்குக் கிடையாது. வசதி என்று பார்த்தால் டவுனுக்குத்தான் முழு மார்க்.

கல்லிடைக்குறிச்சி வீடு முகப்பு 16 அடி, நீளம் 130 அடி. திண்ணை, ரேழி என்கிற நடை, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை. வாசலில் நின்றால் கொல்லைக் கதவின் வெளிச்சம் காசளவுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னலுக்கு இடமே இல்லை. காற்றும் வெளிச்சமும் முற்றத்தின் வழியாகத்தான். மழை பெய்தால் தூவானம் கூடத்தில் பாதி வரை வரும்.

கூரையில்தான் கணக்கு மாறியது. டவுன் வீட்டுக்கு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அதன்மேல் சிறு செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த தளம். கீழிருந்து பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் எப்போதோ ஒழுகியிருக்கிறது, யாரோ மேலே சிமெண்ட் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். பாரம் கூடியது ஒரு பக்கம், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் போனது இன்னொரு பக்கம். கூட வந்த ஆசாரி ஏணி போட்டு ஏறி, உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினார். வெந்த பனங்கிழங்கில் இறங்குவதுபோல இறங்கியது.

“நடுவுல இரும்பாட்டம் இருக்கு அண்ணாச்சி. தலைப்புதான் போச்சு. மேல இருக்க கான்கிரீட்ட எடுக்காம இதுல கை வைக்காதீய.”

கல்லிடைக்குறிச்சியில் ஓட்டுக்கூரை, அதைத் தாங்குவது பனங்கை, அதாவது பனைமரச் சட்டம். எது சொத்தை என்று தரையில் நின்றே தெரியும். கெட்ட பனங்கையை மட்டும் உருவிவிட்டு வேறு வைக்கலாம். நான் பொறியாளர் இல்லை, ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு பரவாயில்லை என்று அன்றைக்கே பட்டது.

சுவர் இரண்டிலும் சுண்ணாம்புதான். அக்ரஹார வீட்டில் தரையிலிருந்து மூன்றடிக்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஈரம் அதைத் தாண்டி மேலே ஏறி, உப்புப் பூத்து, பழைய பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் செதுக்கிவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பையே திரும்பப் பூசினோம். அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடியே ஒரு மாசம் போனது. கிடைத்தவர் கேட்ட கூலியை மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

சரி, பத்திரம். டவுன் வீடு அடிமனை வீடு, மனை கோயிலுக்குச் சொந்தம். விற்பவர் கையில் இருப்பது மேல்கட்டடம் மட்டும். புரோக்கர் இதைக் கடைசி வரை வாயைத் திறந்து சொல்லவில்லை, தாய்ப்பத்திரத்தை நாங்களே படித்துத்தான் தெரிந்துகொண்டோம். 1959-ஆம் வருஷத்து அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, ஆணையர் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. நாங்கள் கேட்ட வங்கி, கடன் கிடையாது என்று கையை விரித்துவிட்டது. போதாக்குறைக்கு வளவு நடைபாதையிலும் கிணற்றிலும் ஆறு வீட்டுக்குப் பாத்தியம்.

கல்லிடைக்குறிச்சியில் வேறு தலைவலி. பட்டா விற்பவருடைய காலமான அப்பா பேரில், பிள்ளைகள் ஐந்து பேர். “அக்காமாருக்குக் கல்யாணத்திலேயே செய்தாச்சு” என்றார் விற்க வந்த தம்பி. சீர் கொடுத்தது சொத்தில் பங்கை அழிக்காது. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு வந்துவிட்டது, அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை மட்டும் விட்டிருந்தார்கள். 2005-இல் மத்தியச் சட்டம் அந்தக் குறையையும் எடுத்தது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. அதனால் மூன்று அக்காமாரின் கையெழுத்தும் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அவர்கள் தரப்பில் மும்பையிலிருந்து பவர் பத்திரம் வந்து சேர ஐந்து மாசம். வில்லங்கச் சான்று 1975-க்குப் பிறகானது ஆன்லைனில் கிடைத்தது, அதற்கு முந்தியதற்கு மனு எழுதிக் கொடுத்துப் பழைய புத்தகங்களைப் பார்க்கச் சொன்னோம். பதிவுச் செலவு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம்.

தாமிரபரணிக் கரைப்பக்கம் வீடு பார்க்கிறவர்கள் 1992-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். விற்பவர் வாசப்படியைத் தொட்டதாகக்கூடச் சொல்ல மாட்டார்.

கல்லிடைக்குறிச்சியை வாங்கி எட்டு மாசம் ஆகிறது. அம்மாவுக்கு நெல்லையப்பர் போன வருத்தம் இன்னும் உண்டு. முதல் மழையில் நான்கு இடத்தில் ஒழுகியது. அடுத்த வீட்டு மாமி சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, “குரங்கு ஓட்டைப் புரட்டிப் போட்டிருக்கும், மேலே ஏறிப் பாருங்கோ” என்றார். ஏறிப் பார்த்தேன், அதேதான். இப்போது கொல்லையில் முப்பது ஓடு கூடுதலாக வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன்.