49,990 ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டு 'ஸ்டாக் இல்லை' என்கிறார்கள் – பிஎஸ்5 ப்ரீ-ஆர்டர் போடப் போகிறவர்கள் படிக்கவும்

சோனியின் வீடியோ கேம் கன்சோலான பிஎஸ்5-க்கு ப்ரீ-ஆர்டர் (வெளியீட்டுக்கு முன்பே பதிவு) போட்டு, முழுப் பணம் 49,990 ரூபாயையும் கட்டிவிட்டு, இன்றைக்குக் கன்சோலும் இல்லை பணமும் இல்லை என்று நிற்கிறேன். அடுத்த ஸ்டாக் வரும்போது நம் ஆட்கள் யாரும் இப்படி மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பெயர் போட வேண்டாம் என்று வக்கீலாக இருக்கும் நண்பன் சொல்லிவிட்டான். ஊர் ஊருக்கு ஷோரூம் வைத்து டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றின் இணையதளம். அவ்வளவுதான் சொல்ல முடியும். திருச்சியில் இருப்பவர்களுக்கு அந்த ஷோரூம் நன்றாகவே தெரியும்.

முதலில் இந்தியாவில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்கா, ஜப்பானில் 2020 நவம்பர் 12-ஆம் தேதியே கடைக்கு வந்துவிட்டது, ஒரு வாரத்தில் மற்ற பல நாடுகளுக்கும் போய்விட்டது. நமக்கோ தேதியே சொல்லாமல் இழுத்து, கடைசியில் 2021 பிப்ரவரி 2 வெளியீடு, ஜனவரி 12 மதியம் 12 மணிக்கு ப்ரீ-ஆர்டர் என்று அறிவித்தார்கள். போகிக்கு முந்தின நாள். டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் எடிஷன் 39,990 ரூபாய் என்று விலையோடு அறிவிக்கப்பட்டதுதான், ஆனால் ப்ரீ-ஆர்டருக்கு அது இல்லை. ஆக டிஸ்க் போடும் மாடல் ஒன்றுதான், 49,990 ரூபாய். வருஷக் கடைசியில் வந்த போனஸில் ஒரு பங்கையும் தம்பி தன் முதல் சம்பளத்திலிருந்து எடுத்துவைத்ததையும் சேர்த்துத்தான் அந்தத் தொகை.

டெபிட் கார்டின் ஆன்லைன் லிமிட்டை முந்தின நாளே ஏற்றி வைத்தேன். முகவரியைச் சேமித்து, பின்கோடு போட்டுப் பார்த்து, 'டெலிவரி உண்டு' என்று பச்சையில் வந்ததையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். 12 அடித்ததும் சைட் படுத்துவிட்டது. வெள்ளைப் பக்கம். பிறகு பொருள் வந்தது, 'வாங்கு' பட்டன் வரவில்லை. பட்டன் வந்தபோது கார்ட்டில் விழவில்லை. பக்கத்தில் தம்பி இன்னொரு போனில் வேறு தளத்தைப் பார்த்துக்கொண்டே "அண்ணா, இங்க முடிஞ்சு போச்சு" என்றான். எனக்கு ஓடிபி வந்து, போட்டு, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் ஆர்டர் எண்ணோடு பக்கம் திறந்தது. வங்கியிலிருந்து எஸ்எம்எஸ். 49,990 ரூபாய் போய்விட்டது. கடையிலிருந்து மெயில்: 'உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது'.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. பொங்கல் கழிந்து அவர்களே போன் செய்தார்கள். ஒரு பெண் பேசினார், நல்ல தமிழ், அவசரமே இல்லாத குரல். "சார், உங்க பிஎஸ்5 ஆர்டர் விஷயமாப் பேசுறோம். உங்களுக்கு யூனிட் ஒதுக்கியாச்சு சார். ரிலீஸ் அன்னைக்கோ மறுநாளோ கைக்கு வந்துடும். அட்ரஸ் ஒரு தடவை சொல்லுங்க." வீட்டு எண், தெரு, பக்கத்துக் கோயில் எல்லாம் சொன்னேன். "மாடி வீடா சார், லிஃப்ட் இருக்கா?" என்றுகூடக் கேட்டார். ஃப்ரிட்ஜ் டெலிவரிக்குக் கேட்கிற கேள்வி அது, பழக்கத்தில் கேட்டுவிட்டார் போல. லிஃப்ட் வரை விசாரிக்கிறவர்கள் பொருளைக் கையில் வைத்துக்கொண்டுதானே பேசுவார்கள்? யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். தம்பி அன்றைக்கே டிவி மேசையை நகர்த்தி இடம் பண்ணிவிட்டான்.

பிப்ரவரி 1 ராத்திரி ஒரு வரி எஸ்எம்எஸ். 'எதிர்பாராத காரணங்களால் உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' மறுநாள் வெளியீடு. மற்ற தளங்களில் ப்ரீ-ஆர்டர் எப்போதோ முடிந்துவிட்டது, இனி எங்கே போய் வாங்குவது? இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தாலாவது வேறு வழி பார்த்திருக்கலாம்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது தண்ணி காட்டும் படலம். கஸ்டமர் கேரில் முதலில் சொன்ன காரணம், 'உங்க பின்கோடுக்கு சர்வீஸ் இல்லை சார்'. இதே தளத்தில் போன தீபாவளிக்கு இதே முகவரிக்கு வாஷிங் மெஷின் வந்து இறங்கியிருக்கிறது! அதைச் சொன்னதும் காரணம் மாறியது, 'பேமென்ட் லேட்டா வெரிஃபை ஆச்சு'. அடுத்த ஆள் உண்மையைச் சொன்னார், பாவம் புது ஆள் என்று நினைக்கிறேன்: "எங்களுக்கு வந்த ஸ்டாக்கைவிட ஆர்டர் அதிகமா எடுத்துட்டாங்க சார்." அதுதான் விஷயம். எத்தனை பெட்டி வரும் என்று தெரியாமலே கல்லாவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கார்ட்டில் போட்டால் பொருள் நமக்கென்று ஒதுங்குவதில்லை, பணம் கட்டினாலும் ஒதுங்குவதில்லை. ஆர்டரை வரிசையாக எடுத்துக்கொண்டே போய், சரக்கு வந்த பிறகு எண்ணிப் பார்த்து மிச்சப் பேரைக் கழற்றிவிடுகிறார்கள். அப்படியானால் 'யூனிட் ஒதுக்கியாச்சு' என்று அந்தப் பெண் எதைப் பார்த்துச் சொன்னார்?

இதில் இன்னொரு சாமர்த்தியம் கேளுங்கள். எஸ்எம்எஸ்ஸில் ரத்து என்று அனுப்பிவிட்டார்கள், ஆனால் ஆப்பில் ஆர்டர் இன்னும் 'செயல்பாட்டில்' என்றே நின்றது. ஏன் என்று கேட்டால், "சார், நீங்களே ஆப்ல கேன்சல் கொடுத்துடுங்க, ரீஃபண்ட் சீக்கிரம் வரும்" என்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கணக்கில் 'வாடிக்கையாளர் ரத்து செய்தார்' என்று ஏறியிருக்கும், கடை தப்பே செய்யவில்லை என்றாகியிருக்கும்.

ஷோரூமுக்குப் போனேன். மேனேஜர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், ஆர்டர் மெயிலைப் படித்தார், பிறகு "ஆன்லைன் வேற டிபார்ட்மென்ட் சார், எங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். போர்டில் ஒரே பெயர், பில்லில் ஒரே பெயர், பணம் திருப்பித் தர மட்டும் வேற டிபார்ட்மென்ட். வெளியே வரும்போது சேல்ஸ் பையன் பின்னாலேயே வந்து காதோடு சொன்னான்: "பண்டிலா எடுத்தீங்கன்னா ஒண்ணு இருக்கு சார்." பண்டில் என்றால் கன்சோலோடு கூடுதல் கன்ட்ரோலர் 5,990, தலா 4,999-க்கு இரண்டு கேம். மொத்தம் 65,978 ரூபாய். பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பிக்கு மேல் விற்றால் சட்டப்படி குற்றம், அதனால் கூடவே மூன்று சாமானைக் கட்டி விற்கிறார்கள். என் 49,990 ரூபாயை உள்ளே வைத்துக்கொண்டே என்னிடமே இன்னொரு 65,978 கேட்கிறார்கள், அதுவும் 'ஸ்டாக் இல்லை' என்ற அதே பெட்டிக்கு.

ரீஃபண்ட் கதை தனி. 'இனிஷியேட் ஆகிவிட்டது, ஏழிலிருந்து பத்து வேலை நாள்' என்றார்கள். அது கழிந்தது. வங்கியில் கேட்டால் அப்படி எதுவும் வரவில்லை, கடையிலிருந்து ஏஆர்என் எண் (ரீஃபண்ட் எங்கே இருக்கிறது என்று வங்கி தேடிப் பார்க்கும் குறிப்பு எண்) வாங்கி வாருங்கள் என்றார்கள். கடைக்காரர்கள் ஒரு எண் அனுப்பினார்கள். வங்கி அம்மா அதைப் பார்த்துச் சிரித்தேவிட்டார். விசா, மாஸ்டர்கார்டு ரீஃபண்டுக்கு ஏஆர்என் 23 இலக்கம் இருக்குமாம், இது எட்டு இலக்கம், இவர்களுடைய சொந்தப் புகார் எண். அதையே ரீஃபண்ட் எண் என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். திரும்பக் கேட்டதற்கு, 'கிஃப்ட் வவுச்சராக வேண்டுமானால் இன்றே தருகிறோம்' என்று பதில். நான் வவுச்சரா கட்டினேன்? 49,990 ரூபாய் பணம் கட்டினேன். எத்தனை பேரிடம் இப்படி வாங்கி வைத்திருக்கிறார்களோ, அந்தப் பணத்துக்கெல்லாம் வட்டி யாருக்குப் போகிறது?

இந்த அழுகை இங்கே மட்டுமில்லை. 2020 செப்டம்பரில் அமெரிக்காவில், ப்ரீ-ஆர்டர் மறுநாள்தான் என்று சொல்லியிருந்தும் கடைகள் முந்தின ராத்திரியே திறந்துவிட்டு, பெரிய ரகளையாகி, சோனியே இன்னும் நன்றாக நடத்தியிருக்கலாம் என்று மன்னிப்புக் கேட்டது. அங்கே மன்னிப்பாவது கிடைத்தது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்கு முடிந்ததைச் சொல்கிறேன். முழுப் பணம் கேட்கிற இடமாக இருந்தால் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், தகராறு என்றால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டின பணத்தைக் கடையிடமிருந்து திருப்பி வாங்கித் தரச் சொல்வது) கேட்கும்போது நம் கைக்காசு முடங்கிக் கிடக்காது. ஆர்டர் பக்கம், டெலிவரி தேதி, பின்கோடு பச்சை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவர்கள் சொன்னார்கள் என்று நீங்களாகக் கேன்சல் பட்டனைத் தொடாதீர்கள். போனில் பேசுவதெல்லாம் காற்றோடு போய்விடும், மெயிலில் கேளுங்கள். தளத்தின் அடியில் குறைதீர் அதிகாரி மெயில் இருக்கும். 2020 இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1800-11-4000. நான் அங்கே பதிந்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், தேவைப்பட்டால் திருச்சி நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

இதே கடையில் ஜனவரி 12 அன்று ஆர்டர் போட்டு ரத்தானவர்கள் இருந்தால், உங்களுக்கு 23 இலக்க ஏஆர்என் வந்ததா, இல்லை எனக்குக் கொடுத்த மாதிரி எட்டு இலக்கத்தில் ஒன்றை நீட்டினார்களா என்று மட்டும் சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்தால் புகாரை ஒன்றாகவே கொடுத்துவிடலாம்.