டாக்டரும் தொப்பிக்காரரும்

அயர்லாந்தில் ஒரு கவுன்சிலர் டாயிலுக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்குப் போக இரண்டு வழி உண்டு. கட்சியைப் பிடித்து ஏறலாம். கட்சி கைவிட்டால் ஊரைப் பிடித்துக்கொள்ளலாம்.

முதல் வழிக்கு லியோ வரத்கர். அப்பா மும்பையிலிருந்து வந்த டாக்டர். மகன் மருத்துவம் படிக்கும்போதே, 1999 உள்ளாட்சித் தேர்தலில் நின்று 380 ஓட்டு வாங்கித் தோற்றார். 2003இல் டப்ளின் பக்கத்து ஃபிங்கல் கவுன்சிலில் காலியான இடத்தை ஃபினே கேல் கட்சி அவருக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 4,894 முதல் விருப்ப ஓட்டு, அதாவது வாக்காளர் 1 என்று போட்ட ஓட்டு! 2007இல் டாயில், 2011இல் அமைச்சர், 2017இல் 38 வயதில் பிரதமர். வேகம் என்று பார்த்தால் இந்த வழியை அடித்துக்கொள்ள முடியாது.

ஜாக்கி ஹீலி-ரே கதை வேறு. கெரி மாவட்டத்துக் கில்கார்வன்காரர், தலையில் எப்போதும் கட்டம்போட்ட தொப்பி. இருபது வருடத்துக்கு மேல் ஃபியன்னா ஃபாயில் கட்சியின் கவுன்சிலர். 1997இல் கட்சி சீட் தரவில்லை. 66 வயதில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். அந்தக் கட்சித் தலைவர் பர்டி அஹெர்னுக்கோ ஆட்சி அமைக்கப் பெரும்பான்மை இல்லை. சுயேச்சைகளின் தயவு வேண்டும். சரி, ஆதரவு உண்டு, தெற்குக் கெரிக்குச் சாலை போடுங்கள் என்றார் ஜாக்கி. ஆளுங்கட்சியில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேரம் நடந்திருக்குமா? சாமானியர் என்றால் யார் என்று கேட்டதற்கு, மத்தியானமே முழுச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள் என்றாராம். பட்டணத்தில் அது ராத்திரிச் சமாச்சாரம்.

நாட்டுக்கு ஒரு தலைவர் வேண்டுமென்றால் வரத்கர் வழிதான். சாலைக்காகப் பேரம் பேசுகிறவரால் நாட்டுக்குத் திட்டம் போட முடியாது. ஆனால் தொகுதிக்காரனாக இருந்தால் என் ஓட்டு தொப்பிக்குத்தான். அங்கே ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள், வாக்காளர் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுவார். சொந்தக் கட்சிக்காரரே போட்டிக்கு நிற்பார். அதனால் பிரதமரானாலும் தொகுதியை மறக்க முடியாது. 2020இல் பதவியில் இருந்த வரத்கரே தன் தொகுதியில் முதலிடம் பிடிக்கவில்லை. ஓட்டு எண்ணிக்கையின் ஐந்தாவது சுற்றில்தான் தேறினார். 2016இல் ஜாக்கியின் மகன் மைக்கேலுக்கு 20,000க்கு மேல் முதல் விருப்ப ஓட்டு. அண்ணன் டேனியும் அதே தொகுதியில் ஜெயித்தார்.

ஒருவரே கவுன்சிலிலும் டாயிலிலும் இருக்கக் கூடாது என்று 2003இல் சட்டம் வந்தபோது ஜாக்கி கவுன்சில் இடத்தை டேனியிடம் கொடுத்துவிட்டார். அப்புறம் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் கெரி கவுன்சிலுக்கு வந்தார்கள். வரத்கர் 2024இல், 45 வயதில், பிரதமர் பதவியை விட்டு விலகினார். அடுத்த தேர்தலில் நிற்கவுமில்லை. 2025இல் மைக்கேல் இணை அமைச்சரானார், சுயேச்சையாகவே.