டேவிஸ், போர்டோ, கைசன்ஹைம், அடிலெய்டு: வைன் படிக்க எங்க போலாம்?

வைன் படிப்புன்னாலே கிளாஸைச் சுழட்டி மோந்து பாக்குறதுன்னு நினைச்சுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி, உள்ள போனா கெமிஸ்ட்ரியும் மைக்ரோபயாலஜியும் போட்டு வறுத்தெடுத்துரும். பி.எச். 3.2 இருக்குற வைனுக்குப் போதுமான சல்ஃபர் டைஆக்சைடு (வைன் கெடாம இருக்கப் போடுறது) 3.8 இருக்குற வைனுக்குப் பத்தவே பத்தாது, ஏன்னு கணக்குப் போட்டுச் சொல்லத் தெரியணும். இது எந்த யூனிவர்சிட்டிக்குப் போனாலும் தப்பாது, அதனால அதை வச்சு ஒப்பிடுறதுல அர்த்தமில்ல.

நான் முதல்ல பாக்குறது காலண்டர். பூமியோட வடக்குப் பாதில திராட்சை அறுவடை ஆகஸ்டுல இருந்து அக்டோபர் வரைக்கும், தெற்குல பிப்ரவரி மார்ச் ஏப்ரல். கொடுமை என்னன்னா ரெண்டு பக்கமும் கிளாஸ் ஆரம்பிக்கிறதும் கிட்டத்தட்ட அதே நேரத்துலதான், பழம் தோட்டத்துல தயாரா இருக்கும், நீங்க லெக்சர் ஹால்ல உக்காந்திருப்பீங்க. அறுவடை வாரத்துல பசங்களை வெளிய விடுறாங்களா, இல்ல கேம்பஸ்லயே தோட்டமும் ஒயினரியும் இருக்கான்னு கேக்காம அப்ளை பண்ணவே பண்ணாதீங்க. ஒரு பழத்தைப் பிதுக்கி ரிஃப்ராக்டோமீட்டர்ல விட்டு வெளிச்சத்துல பாத்தா 24 பிரிக்ஸ் காட்டும், சர்க்கரை ரெடி, ஆனா அதோட விதையைக் கடிச்சா இன்னும் பச்சையா நாக்கு இழுக்குற மாதிரி துவர்க்கும், இன்னைக்கு அறுக்கலாமா ஒரு வாரம் விடலாமா? இதெல்லாம் போர்டுல எழுதிப் போட்டா ஏறாது.

சரி, டேவிஸ், கலிபோர்னியா யூனிவர்சிட்டியோட ஒரு கேம்பஸ். கலிபோர்னியா அரசு 1880-ல போட்ட சட்டத்துல ஆரம்பிச்ச பரம்பரை, எதையும் அளந்து பாத்துட்டுதான் பேசுவாங்க. அமெரைனும் விங்க்லரும் வெயில் கணக்கை வச்சு திராட்சை விளையிற இடங்களை அஞ்சு மண்டலமா பிரிச்சது, ஆன் நோபிள் வாசனைகளையெல்லாம் ஒரு சக்கரத்துல அடுக்குனது, எல்லாம் இங்க இருந்து வந்ததுதான். ஆராய்ச்சிப் பக்கம் போகணும்னா இதுதான் என் முதல் சாய்ஸ். 21 வயசு ஆகாத பசங்க கிளாஸ்ல வைனை ருசி பாக்கலாம், ஆனா முழுங்காம துப்பிரணும், இதுக்குன்னே அங்க தனியா ஒரு சட்டம் இருக்கு.

போர்டோ வேற ரகம். பிரான்ஸ்ல "ஈனோலாக்"னு (வைன் தயாரிப்பு நிபுணர்) போட்டுக்கணும்னா அதுக்கான தேசிய டிப்ளோமா கையில இருக்கணும், 1955-ல இருந்து அப்படித்தான். அந்த ரெண்டு வருஷப் படிப்பு ஒரு டிகிரி முடிச்ச அப்புறம்தான், அதுவும் பிரெஞ்சுல. எமில் பெய்னோ வாழ்ந்த ஊரு, மேலோலேக்டிக் நொதித்தல் (பாக்டீரியா வைனோட கடும் புளிப்பை மென்மையாக்குறது) தானா நடந்தா நடக்கட்டும்னு விட்டுட்டிருந்த காலத்துல அதைக் கன்ட்ரோல்ல வச்சுக்கலாம்னு ஒயினரிக்காரங்களுக்குப் புரிய வச்ச மனுஷன். ருசி பாக்குறதுல நாக்கைத் தீட்டிக்கணும்னா இங்கதான் போகணும். கொடி மேல ஆசை இருக்குறவங்களுக்கு இது கொஞ்சம் குறைவாத்தான் படும்.

கொடின்னா ஜெர்மனில இருக்குற கைசன்ஹைம்தான், இதுல நான் ஒருதலைப்பட்சம்னு ஒத்துக்குறேன். 1872-ல ஆரம்பிச்சது, சுத்தி ரைன்கௌ சரிவெல்லாம் ரீஸ்லிங் திராட்சை. ஹெர்மான் முல்லர் 1882-ல இங்கதான் ரெண்டு ரகத்தைக் கலந்து ஒரு புது ரகத்தை உருவாக்குனாரு, ரீஸ்லிங்கும் சில்வானரும்தான் அப்பன் ஆத்தான்னு நூறு வருஷத்துக்கு மேல எல்லாரும் நம்பிட்டிருந்தாங்க, கடைசில டிஎன்ஏ பாத்தா சில்வானர் இல்ல, மேடலின் ரோயால்! கொடிக்கு வம்சாவளி பாக்குறது எவ்வளவு வம்பு பிடிச்ச வேலைன்னு இதுல தெரியுது. டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டர் கட்டணம் மட்டும்தான், ஆனா கொடி வளர்ப்பு, வைன் தயாரிப்பு இளங்கலைக்கு ஜெர்மன் இல்லாம நடக்காது.

அடிலெய்டு இங்கிலீஷ்லயே முடிச்சுக்கலாம், அது பெரிய நிம்மதி. 1883-ல தொடங்குன ரோஸ்வொர்த்தி விவசாயக் கல்லூரி 1991-ல இதோட சேந்தது, அதனால கையில சகதி படுற பழக்கம் கூடவே வந்திருச்சு. தெற்கு ஆஸ்திரேலியாவுல கொடியோட வேரைத் தாக்கிக் கொல்லுற ஃபில்லாக்சிரா பூச்சி இன்னும் கால் வைக்கல, அதனால சொந்த வேர்லயே நிக்கிற 1840-கள் காலத்துக் கொடிகளைக் கண்ணால பாக்கலாம், மத்த இடத்துல பெரும்பாலும் அந்தப் பூச்சியைத் தாங்குற அமெரிக்க வேர்ல ஒட்டுக்கட்டுனதுதான். அதுவுமில்லாம ஏப்ரல்ல இங்க அறுவடை முடிச்சவன் செப்டம்பர்ல ஐரோப்பாவுல இன்னொண்ணு பாக்கலாம், ஒரே வருஷத்துல ரெண்டு.

ஏற்கனவே ஒயினரில டேங்க் கழுவிட்டு இருக்குறவங்களுக்கு (வேலையில பாதி கழுவுறதுதான், யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க) ஆஸ்திரேலியாவோட சார்ல்ஸ் ஸ்டர்ட் யூனிவர்சிட்டி நடத்துற மாதிரி தொலைதூரக் கோர்ஸ் போதும், வேலையை விட வேண்டாம்.

எதையும் விட மனசில்லாதவங்க முதுகலைல வினிஃபெராங்குற கூட்டுப் படிப்பைப் பாருங்க, முதல் வருஷம் பிரான்ஸ்ல இருக்குற மொன்பெல்லியேல இங்கிலீஷ்ல, ரெண்டாவது வருஷம் கைசன்ஹைமோ போர்டோவோ வேற பார்ட்னர் இடமோ. நான் இன்னைக்கு மறுபடி ஆரம்பிச்சா இதைத்தான் எடுப்பேன், ஆனா முதல்ல ஒரு முழு அறுவடைக்குக் கூலிக்குப் போயிட்டு வந்துதான்.