நெட்வொர்க் வேலைக்கு மூன்று கொட்டேஷன்: திருப்பூர்க் கம்பெனி யாருக்குக் கொடுக்கலாம்?

நடுத்தரப் பின்னலாடைக் கம்பெனி ஒன்றை வைத்துக்கொள்வோம். ஆபீஸ், கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் சேர்த்து 120 பாயிண்ட், அதாவது கேபிள் போய்ச் சேரும் 120 இடங்கள். அதில் 30 கேமரா, 12 வைஃபை ஆக்சஸ் பாயிண்ட். 150 மீட்டர் தள்ளித் தனிக் கட்டிடத்தில் குடோன். இதற்குக் கொட்டேஷன் கேட்டால் மூன்று வகை ஆட்கள் வருவார்கள். முதலாமவர் கேமரா மாட்டுகிறவர். கூடவே நெட்வொர்க்கும் செய்வார். இரண்டாவது, லைன் கொடுக்கிற இன்டர்நெட் கம்பெனி. உள்வேலையையும் சேர்த்து மாத வாடகைக்குப் பேசும். மூன்றாவது, கேபிளிங்கும் சுவிட்ச் (எல்லாக் கேபிளையும் இணைக்கும் நெட்வொர்க் கருவி) கான்ஃபிகரேஷனுமே தொழிலாக உள்ள உள்ளூர் இன்டகிரேட்டர்.

இந்த அளவு வேலைக்கு மூன்றாவது ஆள்தான் சரி. விலை மற்ற இருவரைவிடக் கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்பது கேபிளில் தொடங்கித் தெரியும்.

கொட்டேஷனில் ‘கேட் 6 கேபிள்’ என்று மட்டும் போட்டிருந்தால் பிராண்டும் பார்ட் நம்பரும் எழுதித் தரச் சொல்லுங்கள். விலை குறைந்த கேபிள் பெட்டிகளில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல் தாமிரம் பூசிய சிசிஏ ரகம். பெட்டியைத் தூக்கினாலே கனம் குறைவு தெரியும். பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். அதன் மின்தடை தாமிரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இரவில் ஐஆர் விளக்கு எரியும்போது மட்டும் ஆஃப் ஆகி ஆன் ஆகிறதா? கேமராவுக்குக் கரன்ட்டும் அதே கேபிளில்தான் போகிறது; நீளமான லைனில் போதுமான வோல்டேஜ் போய்ச் சேரவில்லை. கேமராவை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், கேபிளை யாரும் பார்ப்பதில்லை.

எத்தனை பெட்டி என்பதையும் கணக்குப் போடுங்கள். பாயிண்டுக்குச் சராசரி 45 மீட்டர் என்றால் 5,400 மீட்டர். பெட்டிக்கு 305 மீட்டர். 18 பெட்டி, சேதாரத்தோடு 20. கொட்டேஷனில் 28 பெட்டி இருந்தால் காரணம் கேட்கலாம். 13 இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

நீளமான ஷெட்டில் இன்னொரு சிக்கல். பேட்ச் பேனலிலிருந்து (ரேக்கில் கேபிள்கள் வந்து முடியும் பலகை) சுவர் பாயிண்ட் வரை 90 மீட்டர்தான் வரம்பு; இரு பக்கப் பேட்ச் கார்டுக்கும் (கருவியோடு இணைக்கும் சிறு கேபிள்) சேர்த்து இன்னும் 10. “120 மீட்டர் வரைக்கும் போகும் சார்” என்பார்கள். லைட் எரியும், போகத்தான் செய்யும். ஆனால் ஜிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கும், அல்லது அடிக்கடி விட்டு விட்டு வரும். நடுவில் சுவிட்சோடு ஒரு சின்ன ரேக் வைப்பவரே விஷயம் தெரிந்தவர்.

வேலை முடிந்ததும் எதை வைத்து டெஸ்ட் செய்வீர்கள் என்று கேளுங்கள். எட்டு லைட் வரிசையாக மின்னும் சின்ன டெஸ்டர், கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ஜோடி மாறிப் பின்னியிருந்தால் அதற்குத் தெரியாது. ஃப்ளூக் டிஎஸ்எக்ஸ் போன்ற சர்டிஃபிகேஷன் டெஸ்டர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் நீளம், நெக்ஸ்ட் (ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடியில் கலப்பது), ரிட்டர்ன் லாஸ் (சிக்னல் திரும்பி வருவது) எல்லாம் அளந்து பாஸ் அல்லது ஃபெயில் தரும். ஃபெயில் ஆவதற்குப் பெரும்பாலும் கைவேலைதான் காரணம்: ஐஓவில் (சுவர் சாக்கெட்) கம்பியைப் பஞ்ச் செய்யும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்திருப்பார்கள், இழுத்த வேகத்தில் கேபிள் மடிந்திருக்கும், அல்லது கேபிள் டையை மூச்சு முட்ட இறுக்கியிருப்பார்கள். மெஷின் சொந்தமாக இல்லாமல் வாடகைக்கு எடுத்தாலும் குற்றமில்லை. 120 பாயிண்டுக்கும் ரிப்போர்ட் வர வேண்டும். பிடிஎஃப் மட்டும் போதாது, மெஷினின் மூல ஃபைலும் வேண்டும்.

குடோனுக்குக் கண்டிப்பாக ஃபைபர். 90 மீட்டரைத் தாண்டுகிறது என்பது ஒரு காரணம். இரண்டு கட்டிடத்து எர்த்திங்கையும் தாமிரத்தால் இணைத்துவிட்டால், ஐப்பசி இடிக்கு இரண்டு பக்க சுவிட்சும் சேர்ந்தே போகும் என்பது இன்னொன்று. 6 கோர் ஆர்மர்டு (உலோகக் கவசம் உள்ள) சிங்கிள் மோட் ஃபைபர் கேபிளைப் பைப்புக்குள் விட்டு, ஆர்மரை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, இரு முனையிலும் எல்ஐயு (ஃபைபர் முடியும் பெட்டி) வைத்து, ஓடிடிஆர் (ஃபைபரைச் சோதிக்கும் கருவி) ரிப்போர்ட் வாங்குங்கள்.

சுவிட்சில் போர்ட் எண்ணிக்கையை விட வாட் கணக்கைப் பாருங்கள். 24 போர்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட்டும் தரும்) சுவிட்சின் மொத்தம் 190 வாட் என்றால் போர்ட்டுக்கு 8 வாட்கூடத் தேறாது. சாதாரண கேமராவுக்கு ஓரளவு சமாளிக்கும். 20 வாட் கேட்கும் ஆக்சஸ் பாயிண்டுகளை அதிலேயே நிரப்பினால் கடைசியில் செருகியது ஆன் ஆகாது. தையல் ஹாலில் ஃபேன் உள்ள சுவிட்ச் வேண்டாம். பஞ்சுத்தூசு சில மாதத்தில் ஃபேனை அடைத்துவிடும். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், கொட்டேஷனில் மட்டும் வராது.

கான்ஃபிகரேஷனைச் சோதிக்க எளிய வழி உண்டு. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை, ஒரே பேட்ச் கார்டின் இரு முனையையும் பக்கத்துப் பக்கத்து சுவர் பாயிண்டில் செருகுங்கள். சரியாக அமைத்திருந்தால் அந்தப் போர்ட் மட்டும் அடங்கும். இல்லையென்றால் லூப் (டேட்டா முடிவில்லாமல் சுற்றுவது) உண்டாகி மொத்த ஆபீஸும் படுத்துவிடும். அடுத்து, வீட்டு ரவுட்டர் ஒன்றின் லேன் போர்ட்டைச் செருகிப் பாருங்கள். மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அது ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்க ஆரம்பித்தால், அதைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற செட்டிங்கைப் போடவில்லை என்று அர்த்தம். கேமரா, அக்கவுண்ட்ஸ், கெஸ்ட் வைஃபை மூன்றுக்கும் தனித்தனி விலான் (ஒரே சுவிட்சில் பிரித்து வைத்த நெட்வொர்க்) இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

மற்ற இருவருக்கும் இடமுண்டு. 20 பாயிண்ட் உள்ள ஷோரூமுக்குக் கேமராக்காரர் போதும். விலையும் கம்மி, ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார். பத்துப் பேர் உள்ள கிளை ஆபீசுக்கு இன்டர்நெட் கம்பெனியின் வாடகைத் திட்டம் நல்லதுதான். ஆனால் 120 பாயிண்டை அவர்களிடம் கொடுத்தால் சுவிட்ச், ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்கும் கருவி), லாகின் எல்லாம் அவர்கள் கையில் இருக்கும். லைனை மாற்ற நினைத்தால் நெட்வொர்க்கையே மாற்ற வேண்டும். லைன் யாரிடம் வாங்கினாலும் இரண்டாவது லைன் வேறு கம்பம், வேறு தெரு வழியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரே கம்பத்தில் இரண்டு கம்பெனி ஃபைபர் தொங்கினால் ஒரு லாரி போதும்.

இன்டகிரேட்டரிலும் எல்லாரும் ஒன்றல்ல. ஆர்டரிலேயே இவற்றை எழுதி வாங்குங்கள்: எல்லாக் கருவிகளின் அட்மின் பாஸ்வேர்ட், கான்ஃபிக் பேக்கப், பாயிண்ட் நம்பரோடு வரைபடம், இரு முனையிலும் லேபிள். வைஃபையின் கிளவுட் கணக்கு கம்பெனி மெயிலில் திறந்திருக்க வேண்டும். டெக்னீஷியனின் சொந்த ஜிமெயிலில் திறந்துவிட்டு அவர் வேலையை விட்டுப் போனால், ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டையும் மீட்பது பெரும்பாடு. ஃபயர்வால் லாக் (நெட்வொர்க்கில் நடப்பவற்றின் பதிவு) எங்கே சேமிக்கப்படுகிறது என்றும் கேளுங்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்கிறது. டிஸ்க் இல்லாத சின்ன ஃபயர்வாலில் அவ்வளவு நிற்காது, தனியாக லாக் சர்வர் வேண்டும்.

ஏஎம்சியில் (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) ‘நான்கு மணி நேரத்தில் ரெஸ்பான்ஸ்’ என்றால் போனை எடுப்பதா, ஆள் வருவதா என்று தெளிவாக எழுதுங்கள். அதே மாடல் சுவிட்ச் ஒன்றைக் கூடுதலாக வாங்கி, கான்ஃபிக் ஏற்றி அலமாரியில் வைத்துவிட்டால் அந்த நான்கு மணி நேரமும் பெரிதாகத் தெரியாது. பணம்: அட்வான்ஸ் 50 சதவீதம், பொருள் இறங்கியதும் 30, மீதி 20 டெஸ்ட் ரிப்போர்ட்டும் பாஸ்வேர்டும் கைக்கு வந்து, நீங்களே ஒருமுறை லாகின் செய்து பார்த்த பிறகு.